ரிசல்ட்டுக்கு முன்னால் ஒரு விழா

மே மாதம் பிறந்தால் எங்கள் கமிஷன் கடைக்குள் பிளம்ஸ் வாசனை வந்துவிடும். நாங்கள் மலைவாழை வியாபாரிகள், பிளம்ஸ் எங்கள் சரக்கு இல்லை. ஆனாலும் கொடைக்கானலிலிருந்து இறங்குகிற வண்டிக்காரர் யாராவது, மதுரை வண்டியில் மாற்றிவிடச் சொல்லி ஒரு பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். போன வாரம் அப்படி வந்த பெட்டியில் அடிப்பழம் நசுங்கி, அட்டை ஊறி, புளிப்பும் இனிப்புமாகக் கடை முழுக்க அந்த வாசனை. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிளம்ஸ் வாசனை என்றால் எனக்கு இரண்டு மே மாதங்கள் ஞாபகம் வரும். ஒன்று நான் டவுசர் போட்ட காலத்தது. இன்னொன்று என் மகள் பள்ளிக்கூடம் முடித்த வருஷத்தது.

அப்பா லாரி டிரைவர். கொடைக்கானலில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு ஏற்றி மதுரை மார்க்கெட்டில் இறக்குவார். லீவு நாளில் அண்ணனையும் என்னையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு பிரிவில் டீ குடித்துவிட்டு வண்டி மலை ஏறும். டம்டம் பாறையில் நிறுத்துவார். எதிர்மலையில் எலிவால் அருவி ஒரு வெள்ளைக்கோடு போலத் தெரியும், கீழே மஞ்சளாறு அணை. பெருமாள்மலை தாண்டியதும் குளிர் பிடிக்கும். சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கு ஒன்றை உருவி எங்கள் மேல் போர்த்திவிடுவார். உருளைக்கிழங்கு மண் ஒட்டிய சாக்கு. ஏழுரோடு பக்கம் லாரி திரும்பும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பந்து விளையாடுவது தெரியும். "அது இங்கிலீஷ்காரன் பள்ளிக்கூடம்டா" என்பார் அப்பா. அதற்குமேல் அதைப் பற்றி அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அது அமெரிக்கர்கள் தொடங்கியது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குத் தப்பி மலையேறி, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பெயரில் அங்கே ஒரு பள்ளி வந்தது. அதுதான் பின்னாளில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. ஜெனீவாவில் 1968இல் பிறந்த, இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்கிற ஐ.பி. படிப்பை 1976இல் இந்தியாவில் முதலில் கொண்டுவந்ததும் அந்தப் பள்ளிதான். எங்கள் லாரி அந்த மதிலை உரசிப் போய்வந்த வருஷங்களில் உள்ளே இந்தப் படிப்பு நடந்திருக்கிறது.

அண்ணன் பிளஸ் டூ எழுதிய காலத்தில் பிளஸ் டூவே புதிது. 1978இல் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலை வகுப்புகளைக் கொண்டுவந்தார்கள். வாத்தியார்களே ராத்திரி படித்துவிட்டு வந்து மறுநாள் நடத்துவார்கள் என்று அண்ணன் சொல்வார். ரிசல்ட் பேப்பரில்தான் வரும். பாஸானவர்களின் நம்பர் மட்டும் பொடி எழுத்தில், சென்டர் வாரியாக. அன்றைக்கு அப்பா மலையிலிருந்து இறங்கும்போதே ஒரு கூடை பிளம்ஸ் கொண்டுவந்திருந்தார், தெருவுக்கெல்லாம் கொடுக்க. பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு இறங்கியதும் அண்ணன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். வாசல்படியில் வைத்து விரித்தோம். அண்ணனுக்கு முந்தின நம்பர் இருந்தது. பிந்தின நம்பரும் இருந்தது. அண்ணன் விரலை நகர்த்தி அடுத்த சென்டரைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. பிளம்ஸ் கூடை அடுக்களை மூலையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் பழமெல்லாம் கசிந்து வீடு முழுக்க அந்த வாசனை பரவியபோதுதான் அம்மா அதைத் தூக்கிக் குப்பைக்குழியில் கொட்டினார். அடுத்த வாரமே அண்ணன் அப்பாவின் வண்டியில் கிளீனராக ஏறினார்.

பன்னிரண்டு வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன். ஐந்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் கிண்ணம் வாங்கியவர், பத்தாம் வகுப்பில் பள்ளிக் கபடி டீமில் ஆடியவர். பேப்பரில் ஒரு நம்பர் இல்லாமல் போனதால், அதெல்லாம் யாருடைய பேச்சிலும் பிறகு வரவே இல்லை. எங்கள் வீடு என்றில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். மாநிலத்தில் முதலிடம் வந்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டும் போட்டோ வருஷா வருஷம் பேப்பரில் வரும். தமிழ்நாட்டில் 2017இல்தான் அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் முடிப்பதற்கென்று தனியாக ஒரு சந்தோஷம் கிடையாது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம், சட்டை பாழாய்ப்போனதற்குத் திட்டு விழும், அவ்வளவுதான்.

கறுப்பு கவுன் என்பது டிகிரி வாங்கினால்தான். எங்கள் ஊர் ஸ்டுடியோவில் ஒரே ஒரு கவுன் இருந்தது. ஊரில் டிகிரி முடித்த எல்லாரும் அதே கவுனைப் போட்டு, ஒரு வெள்ளைத்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, அதே திரைச்சீலைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோக்கள் வீட்டுக்கு வீடு தொங்கும். என் தாய்மாமன் வீட்டில் பார்த்திருக்கிறேன். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அது இருக்கும். கவுன் பெரிதாக இருந்ததால் முதுகுப்பக்கம் துணிக்கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்களாம். மாமா சொல்லும்போதெல்லாம் அந்தக் கிளிப்பையும் சேர்த்தே சொல்வார். இப்போது யூகேஜி முடிக்கிற குழந்தைகளுக்கே சின்னத் தொப்பி, சின்ன கவுன் போட்டு விழா எடுக்கிறார்கள். அதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "இவ்வளவு தூரம் வந்துட்டே" என்று ஒருவர் சொன்னால் என்ன கெட்டுப்போய்விடும்?

என் மகள் கொடைக்கானலில் அந்த மதிலுக்குள் இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தது குறிஞ்சி பூத்த 2018இல். உதவித்தொகை கொஞ்சம் கிடைத்தது. மீதிக்கு ஊர்க்கடைசியில் இருந்த ஒரு மனையை விற்றோம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர், பொம்பளைப் பிள்ளையை மலைமேல் ஹாஸ்டலில் விடுவதா என்றார்கள். "நான் தினம் போய்வர்ற ரோட்டுலதானே இருக்கு" என்று வாயடைத்தவர் அண்ணன். அப்போது அவரிடம் சொந்தமாக இரண்டு வண்டி இருந்தது. மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு தூக்குவாளியோ பையோ அவர் வண்டியில் இருக்கும். முறுக்கு, எள்ளுருண்டை, அம்மா இடித்த பருப்புப்பொடி. பெற்றவர்களாகிய எங்களைவிடப் பெரியப்பாவைத்தான் அந்தப் பள்ளியின் வாட்ச்மேனுக்கு நன்றாகத் தெரியும். கொரோனாவில் பள்ளியை மூடியபோது, மகளையும் அவள் டிரங்குப் பெட்டியையும் இறக்கிக் கொண்டுவந்ததும் அவர்தான். பிறகு எங்கள் மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, குடை பிடித்துக்கொண்டு அவள் வகுப்பைக் கவனித்ததெல்லாம் தனிக்கதை.

ஐ.பி.யில் ஆறு பாடம். பாடத்துக்கு ஏழு மதிப்பெண், ஆக 42. நாலாயிரம் சொல்லில் ஒரு நீண்ட கட்டுரையும், அறிவு என்றால் என்ன என்று யோசிக்கவைக்கிற ஒரு பாடமும் சேர்ந்து மூன்று. மொத்தம் 45. அந்த நீண்ட கட்டுரைக்குத் தலைப்பை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். அவள் விருப்பாட்சி வாழையை எடுத்துக்கொண்டாள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அந்த மலைவாழை, முடிக்கொத்து நோய் தாக்கி எப்படி அழிந்துகொண்டே வந்தது என்பதுதான் விஷயம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு விவசாயிகள் எங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். அண்ணனிடம் மட்டும் நாலைந்து சாயங்காலம் கேட்டாள். எந்தக் காலத்தில் எந்த ஊரிலிருந்து எத்தனை தார் ஏறியது, எப்போது லோடு குறைய ஆரம்பித்தது, எந்தத் தோட்டத்தை அழித்துக் காப்பி வைத்தார்கள் என்று அண்ணன் வருஷவாரியாகச் சொன்னார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், தகவல் தந்தவர்கள் பட்டியலில், அண்ணன் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

பள்ளி முடிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா மே மாதக் கடைசியில். மலையில் சீசன் நேரம், பிரையண்ட் பூங்காவில் பூக்கண்காட்சி, ரோட்டில் வண்டி நகராது. விடிகாலை மூன்று மணிக்கே வேனில் கிளம்பினோம். அண்ணன் ஓட்டினார். அம்மா முந்தின நாளே நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து மல்லிகை வரவழைத்து, உட்கார்ந்து கட்டி, ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். என் மைத்துனர், பிள்ளையின் தாய்மாமன், ஒரு தாம்பாளத்தோடு வந்தார். பட்டுப்பாவாடைத் துணி, பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் ஒரு பேனா. "சடங்குக்குச் செஞ்ச கை, படிப்புக்குச் செய்யாம இருக்குமா?" என்றார். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது அண்ணன் இறங்கிப்போய் ஒரு பெட்டி பிளம்ஸ் வாங்கிவந்து பின்சீட்டுக்குக் கீழே தள்ளினார். ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

வண்டி செண்பகனூர் தாண்டும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மார்க்கு எப்ப வந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"இன்னும் வரலைண்ணே. ஜூலையிலதான் வரும். பேப்பரெல்லாம் இப்பத்தான் திருத்தப் போயிருக்கு."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்ப எதுக்கு இன்னைக்கு விழா?"

"படிச்சு முடிச்சாச்சுல்ல."

பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகு, "பெயில் ஆனாலுமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் மனைவிதான், "ஆமா மாமா. அது வேற, இது வேற" என்றாள்.

விடுதி அறையில் மகள் என் மனைவியின் கூறைப்புடவையைக் கட்டி, அதன்மேல் கவுன் போட்டிருந்தாள். தொப்பி தலையில் நிற்கவில்லை. அட்டைபோல் தட்டையான அந்தச் சதுரத் தொப்பிக்கு அவளுடைய அடர்த்தியான முடி ஒத்துவரவில்லை, குனிந்தால் விழுந்தது. "இங்க வாத்தா" என்று அம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். முதலில் பின்னலை இறுக்கினார். பிறகு இரண்டு முழம் மல்லிகையை வளைத்து வைத்தார். அதன்மேல் தொப்பியை அழுத்தி, பல்லால் ஸ்லைடை விரித்து விரித்து, காதுக்கு மேலே, பிடரியில், நெற்றி ஓரத்தில் என்று குத்திக்கொண்டே போனார். சுருக்குப்பையில் இருந்த அத்தனை ஸ்லைடும் தீர்ந்தது. மஞ்சள் குஞ்சம் வலது பக்கம் தொங்க, பூ கழுத்துவரை வழிய, பிள்ளை எழுந்து தலையை ஆட்டிக் காட்டினாள். தொப்பி அசையவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற அறைத்தோழி, நேபாளத்துப் பெண், தனக்கும் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு கொரியாப் பெண். ஸ்லைடு இல்லாததால் அம்மா அவர்களுக்குப் பூவை மட்டும் நூலால் கட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு முழம், அளந்து.

மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வாத்தியக்குழு ஒரு நடையை வாசிக்க, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். அது எல்கர் என்ற இங்கிலீஷ் இசைக்காரர் 1901இல் எழுதியது என்று மகள் பிறகு சொன்னாள், அந்தப் பள்ளி பிறந்த அதே வருஷம். 1905இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது வாசித்தது, அங்கிருந்து பட்டமளிப்பு விழாக்களுக்கெல்லாம் பரவியதாம். எனக்கு அந்த நடையின் நிதானம் பிடித்தது. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரம் அவசரப்படுத்தாமல் நடக்கவைக்குமே, அப்படிப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். முதல் மார்க், இரண்டாம் மார்க் என்ற வரிசை இல்லை, அகர வரிசை. மேடையேறிக் கைகொடுத்து, சான்றிதழ் உறையை வாங்கி, குஞ்சத்தை வலமிருந்து இடப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஆரம்பத்தில் நாங்கள் நம் பிள்ளைக்குக் கைதட்டுவதற்காகக் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தோம். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாருக்கும் தட்டுவதைப் பார்த்து நாங்களும் தட்டத் தொடங்கினோம். ஒரு பையன் பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கூச்சல், விசில். ஒல்லியான பையன், மெதுவாகத்தான் படியேறினான். "அவந்தான் ஃபர்ஸ்ட்டாப்பா?" என்று அண்ணன் என் காதில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையிலிருந்த ஆசிரியை ஒருவருக்குத் தமிழ் தெரியும். திரும்பி, "ரொம்ப நாள் உடம்பு முடியாம இருந்தான். முடிப்பானான்னே தெரியாம இருந்துச்சு. முடிச்சிட்டான்" என்றார். அண்ணன் எழுந்தார். அந்தப் பையன் மேடையிலிருந்து இறங்கித் தன் நாற்காலியில் உட்காரும்வரை நின்றபடி தட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெயருக்கும் எழுந்தார். எங்கள் பிள்ளையின் முறை வந்தபோது அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை.

கடைசியில் தொப்பிகளை ஆகாயத்தில் வீசினார்கள். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் 1912இல் தொடங்கிய பழக்கம் என்கிறார்கள். எங்கள் பிள்ளையின் தொப்பி மட்டும் தலையைவிட்டு வரவில்லை! இழுக்கிறாள், பூ உதிர்கிறது, தொப்பி உதிரவில்லை. மற்றவர்களுடைய தொப்பியெல்லாம் புல்லில் விழுந்து, அவரவர் தேடி எடுத்துக்கொண்டும் ஆயிற்று. நேபாளத்துப் பெண்ணும் கொரியாப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஸ்லைடுகளை உருவ, கூட்டம் அப்படியே காத்து நின்றது. கடைசி ஸ்லைடு வந்ததும் அவள் தொப்பியைத் தனியாக வீசினாள், அத்தனை பேரும் அதற்கு ஒரு சத்தம் போட்டார்கள். "நம்ம புள்ளை தொப்பிதான் ரொம்ப ஒசரம் போச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். தனியாகப் போனதால் அப்படித் தெரிந்திருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிறகு புல்தரையில் குடும்பம் குடும்பமாக நின்றோம். நேபாளத்துப் பெண்ணின் அப்பா ஒரு வெண்பட்டுத் துணியை எடுத்துத் தன் மகள் கழுத்தில் போட்டார். இன்னொன்றை எடுத்து என் மகள் கழுத்தில் போட்டார். அவர்கள் வழக்கமாம். "பொன்னாடை போத்துறாரு" என்று அம்மா திருப்தியோடு தலையசைத்தார். உடனே என் மைத்துனர் தாம்பாளத்தைத் திறந்து, அந்தப் பெண்ணுக்கும் வெற்றிலை பாக்கோடு பழம் எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அண்ணன் வேனிலிருந்து பிளம்ஸ் பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கவுன் போட்ட பிள்ளைகளாகத் தேடிப் போய்ப் போய்க் கொடுத்தார். அந்த ஒல்லிப் பையனுக்கு இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்ததைப் பார்த்தேன். பெட்டி காலியான பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

அண்ணன் எதையும் விளக்கிப் பேசுகிறவர் இல்லை. இறங்கும்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எலிவால் அருவியில் தண்ணீர் குறைவு என்றார், அதோடு சரி. ஆனால் எனக்கு அன்று ஒன்று பிடிபட்டது. மார்க் வருகிற நாள் பிள்ளையை வரிசையில் எங்கே நிறுத்துவது என்று சொல்கிற நாள். அதற்கு முன்னால், ஒரு பிள்ளை வளர்ந்து முடித்ததற்கென்று ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் அண்ணனுக்குக் கிடைத்திருந்தால், அவர் பிறகும் லாரிதான் ஓட்டியிருப்பாரோ என்னவோ. கூடை பிளம்ஸ் அழுகியிருக்காது.

ஜூலை முதல் வாரத்தில் ரிசல்ட் வந்தது. 45க்கு 33. அதை நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட அம்மா சொன்னார், போட்டும் பார்த்தோம், யாருக்கும் அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. டிப்ளமாவுக்குக் குறைந்தது 24 வேண்டும், அதைத் தாண்டிவிட்டதால் கவலையும் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983லேயே இந்தப் படிப்பை பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது. மகள் பெங்களூரில் தாவரவியல் சேர்ந்து, அதையும் முடித்துவிட்டாள்.

சென்ற மார்ச்சில் அண்ணனின் பேரனுக்கு பிளஸ் டூ கடைசிப் பரீட்சை. அரசுப் பள்ளி. கேட்டுக்கு வெளியே பெற்றவர்கள் கூட்டமாக நின்று, வெளியே வருகிற பிள்ளைகளிடம் கொஸ்டின் ஈசியா, ஒன் வேர்டு எத்தனை சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு மல்லிகை மாலையோடு நின்றார். பக்கத்திலிருந்தவர், "என்னண்ணே, யாருக்காச்சும் கல்யாணமா?" என்றார். "பேரன் பள்ளிக்கூடம் முடிச்சிட்டான்" என்றார் அண்ணன். பையன் வெட்கப்பட்டு மாலையைக் கழற்றப் பார்த்தான். விடவில்லை. அவனையும் அவன் கூட்டாளிகள் ஆறேழு பேரையும் அப்படியே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். பழைய முதலாளியின் மகன்தான் இப்போது நடத்துகிறார், கவுன் மட்டும் புதிது. அதுவும் ஒன்றுதான் இருந்தது. ஒருவன் கழற்ற அடுத்தவன் மாட்டிக்கொள்ள, தொப்பியை அண்ணன் ஒவ்வொரு தலையிலும் தானே சரிசெய்து வைத்தார். கையில் பிடிக்க வெள்ளைத்தாள் சுருட்டிக் கொடுக்க வந்தவரிடம், ஹால் டிக்கெட்டையே சுருட்டிப் பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்தார். ரிசல்ட் வர இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது.